தாழைக்குப் போட்ட ஊசி

தாழைக்கு மூன்றாவது ஊசி போட்ட அன்று கருவண்டு நன்றாகத்தான் இருந்தது. வேலிக்கு அப்பால் நின்றுகொண்டு, கழுத்தை எட்டிய மட்டும் நீட்டி, டாக்டர் நறுமுகையின் பையை முகர்ந்து பார்த்தது. தன் சாவை முன்னிட்டுத்தான் தன் தோழிக்கு மருந்து ஏறுகிறது என்று அந்தக் கிழக் குதிரைக்கு யார் போய்ச் சொல்வது?

"ஆச்சுங்கம்மா. இதோட முடிஞ்சுது" என்றாள் டாக்டர். தாழையின் கயிற்றைப் பிடித்திருந்த மோகனப்பிரியா பெருமூச்சு விட்டாள்.

கோயமுத்தூரில் குதிரையேற்றப் பள்ளி ஒன்றை மூடியபோது, போக்கிடமில்லாத இரண்டு குதிரைகளையும் அந்தியூரில் இருந்த தங்கள் தோட்டத்துக்கு ஓட்டிவந்தவள் அவள்தான். கருவண்டு ஆண், தாழை பெண். வந்த நாளிலிருந்து இரண்டும் ஒன்றையொன்று விட்டு நகர்ந்ததில்லை. வெயில் ஏறியதும் வேப்பமரத்தடியில் ஒன்றின் தலை மற்றதன் வால் பக்கமாக நிற்கும். இதன் வால் அதன் முகத்து ஈயை ஓட்டும். அதன் வால் இதன் முகத்து ஈயை ஓட்டும். கருவண்டை ஒருமுறை பரிசோதனைக்காக ஈரோட்டுக்கு வண்டியேற்றினார்கள். அது திரும்புவதற்குள் தாழை வேலிக்கம்பியில் மோதி மார்பைக் கிழித்துக்கொண்டது. தண்ணீர்த் தொட்டியின் பக்கமே போகவில்லை.

அந்தப் பரிசோதனையில்தான் கருவண்டின் இதயம் தளர்ந்துவிட்டது, மழைக்காலத்தைத் தாண்டினால் பெரிது என்று தெரிந்தது. அப்புறம் தாழை என்ன ஆகும்? முந்தைய காலமாக இருந்தால் இரண்டே வழிதான். ஒன்று போகிற நாளில் மற்றதையும் ஊசி போட்டு அனுப்பிவிடுவது. இல்லையென்றால் மூன்றாவதாக ஒரு குதிரையைக் கொண்டுவந்து கட்டிவிட்டு, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது. நல்லவேளையாக இது பிரிவுத்தடுப்பு வந்துவிட்ட காலம்.

ஒருவரோடு நெடுநாள் வாழ்ந்தால் மூளைக்குள் அவருக்கென்று ஓர் இடம் ஒதுங்கிவிடுகிறது. ஆள் இல்லாமல் போனதும் அந்த இடம் போடுகிற கூச்சலைத்தான் மனிதர்கள் துக்கம் என்று அத்தனை காலமாகச் சொல்லிவந்தார்கள். போகப்போகிறவரின் வியர்வை படிந்த துணியைச் சாரவடிப்பானில் இட்டு, அவர் வாசனையின் சாரத்தை இறக்கி, இருக்கப்போகிறவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால், அந்த இடம் கூச்சலிடாமல் இருக்கப் பழகிக்கொள்ளும். அம்மைக்குத் தடுப்பூசி போடுவதுபோலத்தான். கருவண்டின் கழுத்தைத் துடைத்த துணிகளை மோகனப்பிரியாவே பத்திரமாக மடித்துக் கொடுத்தாள்.

நாடு முழுக்க இதுதான் வழக்கம். படுத்த படுக்கையாய்க் கிடப்பவரைப் பார்க்கப் போனால் வீட்டாரிடம் முதல் கேள்வியே "தடுப்பு ஆச்சுங்களா?" என்பதுதான். காலையில் பிணத்தை எடுத்துவிட்டு மத்தியானம் வேலைக்குப் போனார்கள். துக்க விடுப்பை அரசாங்கம் எடுத்துவிட்டபோது ஏன் என்று கேட்க ஓர் ஆளில்லை. சுவரில் மாலை போட்ட படங்கள் குறைந்துபோயின. ஆனால் பெண்டாட்டி செத்த ஏக்கத்தில் சோறு தண்ணி இல்லாமல் போய்ச்சேருகிற கிழவர்களும், பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுக் கிணற்றில் குதிக்கிற தாய்மார்களும் இல்லாமல் போனார்களே! இதைப் போய் யார் குறை சொல்வது?

மோகனப்பிரியா சொல்லமாட்டாள். அவள் வீட்டிலேயே அதற்குச் சாட்சி இருந்தது. சில வருடங்களுக்கு முன் அவளுக்கு இரத்தப் புற்றுநோய் வந்து, வைத்தியர்கள் நாள் குறித்துவிட்டார்கள். அவள் கணவர் பூபதிராஜா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஆள் பாதியாக இளைத்துப்போனார். பொறுக்கமாட்டாமல் அவளேதான் அவரைக் கெஞ்சிக் கூத்தாடி ஊசி போட வைத்தாள். தன் தலையணை உறையை அவளே கழற்றிக் கொடுத்தாள். மூன்றாவது ஊசிக்குப் பிறகு அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, வேளை தவறாமல் மருந்து கொடுத்தார், கால் அமுக்கிவிட்டார். பிறகு புதிதாக வந்த சிகிச்சையில் அவள் பிழைத்துக்கொண்டாள். "ரொம்ப நல்லதாப் போச்சு கண்ணு" என்றார். அன்றிலிருந்து வீட்டில் ஒரு சண்டை கிடையாது, ஒரு கடுஞ்சொல் கிடையாது. கிடைத்தால் இப்படி ஒரு மனுசன் கிடைக்கவேண்டும் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் வயிறெரிந்தார்கள்.

தாழைக்கும் மருந்து கச்சிதமாக வேலை செய்தது. அதன் கழுத்தில் ஏக்கமானி என்றொரு வில்லையைக் கட்டியிருந்தார்கள். ஏக்கம் வந்தால் சிவக்கும், அமைதியாக இருந்தால் நீலமாகவே இருக்கும். மோகனப்பிரியா சோதித்துப் பார்க்கக் கருவண்டை வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால் ஓட்டிப்போய் மறைத்து வைத்தாள். அங்கிருந்து அது கனைத்து ஊரைக் கூட்டியது. தாழை தலையைத் தூக்கவில்லை. வில்லை நீலமாகவே இருந்தது. மோகனப்பிரியாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்பாடா, இது பிழைத்துக்கொள்ளும்!

கருவண்டை அவிழ்த்துவிட்டாள். அது விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்து தாழையின் பக்கத்தில் வழக்கம்போலத் தலைமாற்றி நின்றது. தாழை இரண்டு வாய் புல் கடித்தது. பிறகு நகர்ந்து அப்பால் போய் மேய்ந்தது. கருவண்டு பின்னாலேயே போனது. தாழை மறுபடி நகர்ந்தது. கடிக்கவில்லை, உதைக்கவில்லை. கருவண்டின் பங்குத் தீவனத்தில்கூட வாய் வைக்கவில்லை. வழியில் ஒரு மரம் நின்றால் சுற்றிக்கொண்டு போவதுபோலச் சுற்றிக்கொண்டு போனது, அவ்வளவுதான். உச்சிவெயிலில் கருவண்டு வேப்பமரத்தடியில் தனியாக நின்றது. அதன் கண்ணோரத்தில் ஈ அப்பிக்கிடந்தது.

மோகனப்பிரியா டாக்டரைக் கூப்பிட்டாள்.

"மருந்து நல்லா வேலை செய்யுதுங்கம்மா" என்றாள் நறுமுகை.

"அது செத்தப்புறம் வேலை செய்யட்டும்னுதானுங்க போட்டோம்? இன்னும் உசுரோட நிக்குதுங்களே!"

டாக்டர் கொஞ்சம் தயங்கினாள். "இருக்குதா, செத்துப்போச்சான்னு மருந்துக்குத் தெரியாதுங்கம்மா. அதுக்குத் தெரிஞ்சது கருவண்டோட வாசம் மட்டுந்தான். அந்த வாசம் இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டியும் ஒண்ணுன்னு ஆக்கிப்போடும். எடுக்க முடியாதுங்க. வேணும்னா இப்படிப் பண்ணலாம். தாழையத் தொடச்ச துணி நாலு குடுங்க, கருவண்டுக்கும் போட்டுடலாம். ரெண்டும் சமமாயிரும்."

இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. அந்த வார்த்தை மோகனப்பிரியாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஏன் தைத்தது என்று யோசிக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

தாழையைத் துடைக்கத் துணி எடுத்து வைத்தாள், ஆனால் துடைக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். கருவண்டும் தாழையைத் துரத்தித் துரத்திக் கால் ஓய்ந்து, பின்பு நின்ற இடத்திலிருந்தே கூப்பிட்டது. அதற்கப்புறம் கூப்பிடுவதையும் விட்டது. மழைக்காலம் இன்னும் தொடங்கக்கூட இல்லை. ஒரு நாள் காலை அவள் தீவனத்தோடு போனபோது கருவண்டு மரத்தடியில் விழுந்து கிடந்தது.

துணை செத்தால் உடலைக் காட்டவேண்டும், முகர்ந்து பார்த்தால்தான் மற்றதற்குப் புரியும் என்பது குதிரை வளர்ப்பவர்களின் பழைய வழக்கம். மோகனப்பிரியா தாழையைக் கயிற்றில் பிடித்துவந்தாள். உள்ளுக்குள் ஒரு நப்பாசை. ஒரு கனைப்பு, ஒரு செருமல், எதுவாக இருந்தாலும் போதும். தாழை குனிந்து முகர்ந்தது. கருவண்டின் வாயோரத்தில் மெல்லாமல் கிடந்த வைக்கோலை இழுத்துத் தின்றது. தின்று முடித்ததும் புல் இருக்கிற பக்கம் திரும்பியது. கழுத்தில் வில்லை நீலமாக இருந்தது.

மோகனப்பிரியா கயிற்றை விட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து, முந்தானையால் கருவண்டின் முகத்து ஈக்களை ஓட்டினாள். அழுகை அடங்கவேயில்லை. வெயில் ஏறியது. தலைக்கு மேல் நிழல் விழுந்தது. பூபதிராஜா குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெயில்ல உக்காராத கண்ணு. குழி தோண்ட வண்டிக்குச் சொல்லிட்டேன். மோர் கொண்டாரட்டுமா?"

அவர் குரலில் ஒரு குறையும் இல்லை. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். எத்தனை வருடமாக இந்த மனுசன் அவள் பக்கத்தில் இருக்கிறார்! கடிக்கவில்லை, உதைக்கவில்லை, அவள் பங்கில் கை வைக்கவில்லை.

"என்னங்க."

"சொல்லு."

"அன்னைக்கு நான் போய்ச் சேந்திருந்தா எப்படி இருந்திருப்பீங்க?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர். கல்யாணமான புதிதில் அவளுக்கு அவரிடம் பிடித்ததே அதுதான்.

"நல்லாத்தான் இருந்திருப்பேன். அதுக்குத்தானே நீ போடச் சொன்ன?"

அவள் மறுபடி குனிந்து ஈயை ஓட்டினாள். அவர் குடையை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் சாய்த்தார்.

"நீ இந்தக் குதிரைக்கே இப்படி அழறயே, நானில்லாமப் போனா என்ன பண்ணுவ? எனக்கும் வயசாவுதில்ல. உனக்கும் தடுப்புக்குச் சொல்லி வெச்சிருக்கேன். நேத்துப் போட்ட சட்டையத் துவைக்காம எடுத்து வெச்சிருக்கேன், நாளைக்கு வந்து வாங்கிட்டுப் போவாங்க. அப்புறம் உனக்கும் ஒரு தொந்தரவும் இருக்காது கண்ணு."

அவ்வளவும் அக்கறைதான். அவள் நன்றாக இருக்கவேண்டும் என்றுதான் சொல்கிறார். அன்று தலையணை உறையைக் கழற்றிக் கொடுத்தபோது அவளும் அதைத்தான் நினைத்தாள்.

கருவண்டைப் புதைத்துவிட்டு வந்ததும் மோகனப்பிரியா அந்தச் சட்டையைத் தேடி எடுத்தாள். அலமாரியில் உறைக்குள் மடித்து வைத்திருந்தார். பிரித்து முகத்தில் வைத்துக்கொண்டாள். வியர்வையும் விபூதியுமாக, நாற்பது வருடத்துப் பூபதிராஜா அப்படியே இருந்தார். இன்னும் கொஞ்சநேரம் வைத்துக்கொள்ளத்தான் ஆசை. வைத்துக்கொண்டால் நாளைக்குச் சாரவடிப்பான்காரன் வந்து நிற்பான். வாளியில் தண்ணீர் பிடித்து, சோப்பைக் கரைத்து, சட்டையை அதற்குள் அமுக்கினாள்.

"ஏங் கண்ணு, அதைத் துவைச்சிட்டயா?" என்றார் பூபதிராஜா. கோபமே இல்லை. "சரி வுடு, இன்னைக்குப் போட்டதைக் குடுத்துக்கலாம்."

"அதையும் கழட்டிக் குடுங்க" என்றாள்.

அவர் சளைக்கவில்லை. அவள் நலனுக்காக மறுநாள் ஒரு துண்டை எடுத்து வைத்தார், அதற்கு மறுநாள் ஒரு தலையணை உறையை. அவள் ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்துத் துவைத்தாள். அவருக்காகக் கண்கலங்க இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆளாவது மிஞ்சவேண்டும் என்பதற்காக, அந்த வீட்டில் அவர் வாசம் துளிகூட இல்லாமல் நாள்தோறும் அலசி, வெயிலில் காயப்போட்டாள்.