ஆன்ட்டி அறையில் சீலன்

"சீலன்! மேரே கமரே மே சீலன்!"

கதவைத் திறந்த முத்துமாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே கரோல் பாக் முழுவதும் மழையில் கரைந்துகொண்டிருக்க, கீழ் வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி வாசலில் கொதித்துக்கொண்டிருந்தாள்.

சாத்தூரிலிருந்து வேலை கிடைத்து டெல்லிக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. லோதி ரோடு அலுவலகத்தில் கிளார்க். இந்தி இன்னும் அரைகுறை. ஆன்ட்டி கொட்டியதில் அவளுக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்... உன் பாத்ரூம்... என் படுக்கையறை... சீலன்!

ஐயோ! என் பாத்ரூமிலிருந்து எவனோ ஒருவன் இறங்கி இவள் அறைக்குள் போயிருக்கிறானா?

"நஹி ஆன்ட்டி! மேரே கர் மே கோயி சீலன் நஹி! மே அகேலி!" என் வீட்டில் எந்தச் சீலனும் இல்லை, நான் தனியாள் என்று தெரிந்த இந்தியில் கதறினாள்.

படியில் செருப்புச் சத்தம். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே ஓர் இளைஞன் ஏறி வந்தான். இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தது.

"க்யா ஹுவா ஆன்ட்டி?" என்றவன், முத்துமாரியின் இந்தியிலேயே ஊரைக் கண்டுபிடித்தவன் போலத் தமிழுக்கு மாறினான். "யாரோ என் பேரைச் சொல்லிக் கத்தற மாதிரி இருந்ததே... நான்தான் சீலன். குணசீலன். ஆன்ட்டிக்கு எதிர் வீடு."

"நீங்கதானா அது? பார்த்தா படிச்சவரு மாதிரி இருக்கீங்க... வெக்கமா இல்லயா?"

அவன் விழித்தான். ஆன்ட்டியிடம் இந்தியில் ஏதோ கேட்டான். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மேடம்... இந்தியில சீலன்னா ஈரக் கசிவு. உங்க பாத்ரூம் தண்ணி ஆன்ட்டியோட கூரையில இறங்குது. நான் டெல்லியிலயே படிச்சவன். ஸ்கூல்ல கூடப் படிச்ச பசங்க இதைச் சொல்லியே என்னை அழ வெச்சிருக்காங்க. ஆனா பெட்ரூம் வரைக்கும் என்னைக் கொண்டுபோனது நீங்கதான்!"

கன்னம் எரிய, கதவைச் சாத்திக்கொண்டாள் மாரி. சாத்திய கதவுக்குப் பின்னாலும் அந்தக் கண்கள் சிரித்துக்கொண்டே இருந்தன...

கசிவை நிறுத்து, இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய் என்றாள் ஆன்ட்டி. வந்து பார்த்த பிளம்பர், தரை முழுவதையும் உடைக்க வேண்டும் என்றான். அதைக் கேட்டுத்தான் குணசீலன் மறுபடி மேலே வந்தான். அவன் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியன். எதையும் காரணம் தெரியாமல் உடைப்பது அவனுக்குப் பிடிக்காது.

வீட்டில் ஈரம் கண்டால் எடுத்ததும் சுத்தியலைத் தேடக் கூடாது. முதலில் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டும். குழாயில் எப்போதும் தண்ணீர் நிற்கிறது. அது கசிந்தால், குளித்தாலும் குளிக்காவிட்டாலும் கூரை சொட்டும். குளித்த பிறகு மட்டும் சொட்டினால் கோளாறு தரையில். மாரி ஒரு நாள் பாத்ரூமையே தொடவில்லை. கூரை சொட்டவில்லை.

"அப்ப தரைதான். எந்த இடம்னு பார்ப்போம். சொட்டு நீலம் இருக்கா?"

தண்ணீர் போகும் சல்லடைத் துளையைத் துணியால் அடைத்து, தரையில் நீலத் தண்ணீரைத் தேக்கினார்கள். பிறகு இருவரும் ஆன்ட்டி வீட்டுக்கு ஓடி, கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெகுநேரம் கழித்து, மூலையில் ஒரு நீலத்துளி அரும்பியது.

"வந்திடுச்சு!" என்று கத்தி, தன்னையறியாமல் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள் மாரி. உடனே விட்டாள். ஆனால் விட்ட விரல்கள் அன்று முழுவதும் எதையோ தேடின.

மூலை டைல்களுக்கு நடுவே இருந்த சிமெண்ட் பொடிந்து போயிருந்தது. அதைப் பழைய ஸ்குரூடிரைவரால் சுரண்டி எடுக்க வேண்டும். தூசியில்லாமல் துடைத்துக் காயவிட வேண்டும். அதன்பிறகே புதுப்பசையை வைத்து அழுத்த வேண்டும். ஈரத்தின் மேல் பூசினால் எதுவும் ஒட்டாது. ஒவ்வொன்றையும் சொல்லிக் கொடுத்து, அவளையே செய்யவைத்தான். குழாய் வாஷர் மாற்றக் கற்றுக்கொண்டாள். சுவரில் டிரில் போடவும் கற்றுக்கொண்டாள்.

"முத்துமாரின்னா என்ன அர்த்தம்? என் தமிழ் கொஞ்சம் வீக்..."

"மாரின்னா மழை."

"அச்சா! மாடியில மழை, கீழ சீலன். பாவம் ஆன்ட்டி!"

அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பசை சிந்தியது.

ஒழுகல் நின்றது. அவன் வருவது மட்டும் நிற்கவில்லை. அலமாரிக் கீல், ஜன்னல் கொக்கி என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, படிக்கட்டில் நாலு பெண்களோடு உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்த ஆன்ட்டி, மாரியைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"பானி தோ ருக் கயா பேட்டி... பர் சீலன் நஹி ருகா!"

தண்ணீர் நின்றுவிட்டது, சீலன் நிற்கவில்லை. இந்த முறை இந்தி முழுசாகப் புரிந்தது. எல்லாரும் சிரித்தார்கள். மாரிக்கு உடம்பெல்லாம் கூசியது.

"காம் தா, ஆயே. காம் கதம். அப் நஹி ஆயேங்கே!" என்றாள் வெடுக்கென்று. வேலை இருந்தது, வந்தார். முடிந்தது, இனி வரமாட்டார்.

திரும்பினாள். கீழ்ப்படியில், புதுக்கொக்கி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவன் நின்றிருந்தான்.

"சரிதான் மேடம்... வேலை முடிஞ்சிடுச்சு."

அதன்பிறகு அவன் வரவில்லை.

மழை மட்டும் வந்தது. பாத்ரூம் மூலையைப் பார்ப்பாள். பசை கல்லாய் இறுகியிருந்தது. குழாய்களைப் பார்ப்பாள், ஒன்றும் சொட்டவில்லை. ஏன் இத்தனை நன்றாகச் சொல்லிக் கொடுத்தான்? எதுவும் கெட மாட்டேன் என்கிறதே... படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கதவருகே போய் நின்றாள். சத்தம் ஆன்ட்டி வீட்டோடு நின்றுபோகும். மேலே ஏறி வராது.

ஒரு சாயங்காலம், அவளே கீழே போய் அவன் கதவைத் தட்டினாள்.

"குழாய் சொட்டுது..."

"வாஷர் மாத்த உங்களுக்கே தெரியுமே."

"தெரியும். ஆனாலும்... கொஞ்சம் பாருங்க."

வந்தான். வால்வை மூடி, குழாயைக் கழற்றி, வாஷரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். நெற்றி சுருங்கியது.

"தேஞ்சுபோன வாஷர்ல வட்டமாத் தடம் விழும். இதுல நேர்கோடு இருக்கு. பிளேடால வெட்டியிருக்கு."

மாரி தரையைப் பார்த்தாள்.

"யாரு வெட்டினது?"

"நான்தான். வேற எதுவும் கெடல. என்ன செய்ய? அன்னைக்கு நாலு பேரு சிரிச்சதும் வாய்ல வந்ததச் சொல்லிட்டேன். வேலை இருந்தாத்தான் வருவீங்கன்னா... தினம் ஒண்ணா உடைப்பேன். எனக்கு உங்களைப் பார்க்கணும்ங்க."

வெளியே மழை வலுத்தது. அவன் வாஷரை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டான்.

"ஆன்ட்டி கூரை காய்ஞ்சிடுச்சான்னு பார்க்க ஒரு வழி இருக்கு. பிளாஸ்டிக் தாள் ஒண்ணை அங்க ஒட்டி வெச்சிருக்கேன். உள்பக்கம் வேர்த்தா ஈரம் இருக்குன்னு அர்த்தம். தாள் வேர்க்கறது நின்னு எத்தனையோ நாளாச்சு, மாரி. பெயிண்ட் அடிக்கலாமான்னு ஆன்ட்டி கேக்கறப்பல்லாம், இன்னும் ஈரமா இருக்குன்னு நான்தான் பொய் சொல்லிட்டு வர்றேன்."

"ஏன்?"

"தினமும் அந்த ரூமுக்குப் போறதுக்கு ஒரு காரணம் வேணுமே..." அவன் முதல்முறையாக அவள் கண்களை நேராகப் பார்த்தான். "அங்க நின்னா, மேல நீங்க நடக்கற சத்தம் கேக்கும்."