பித்தளை வாசனை

"அக்கா, நீ என்னை எங்கயாவது மறந்து விட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டா, நான் அங்கயே இருப்பேனா? இல்ல, நீ நினைச்சதும் இங்க வந்துடுவேனா?"

சிட்டு இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. அப்பாவின் பட்டறையில் சாவி ராவிக்கொண்டிருந்த அக்காவுக்குப் பதின்மூன்று. அரத்தை நிறுத்தாமலே, "உன்னையா மறக்கிறது? நீ பேசுற பேச்சுக்கு, எடுத்துட்டுப் போனவனே திரும்பக் கொண்டுவந்து விட்டுடுவான்" என்றாள். அது பதில் இல்லை என்று சிட்டு அன்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

முப்பது வருஷம் ஓடிவிட்டது. அப்பா, அம்மா இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு, தெருவே "சாவிக்கார அக்கா" என்று கூப்பிடும் மூத்தவள் மட்டும் அந்த வீட்டில், முன்னறையில் பட்டறையும் பின்னறையில் படுக்கையுமாக இருந்தாள். ஒரு பிற்பகலில் அழைப்பு மணி ஒலித்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாசல் கதவு விரியத் திறந்துதான் கிடந்தது. அந்தத் திறந்த கதவுக்கு வெளியே, இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டு, அனுமதிக்காகக் காத்து நின்றவள் சிட்டு.

"அடியே! சொந்த வீட்டுக்குள்ள வர மணி அடிக்கிறியா? வாடி உள்ள!"

"நன்றிங்க" என்றாள் சிட்டு.

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து 'போடி கிறுக்கி' என்று வாய் நிறையத் திட்டியவள் நன்றி சொல்கிறாள்.

அந்த வீட்டில் எந்தக் கதவையும் சாத்துவதில்லை. பூட்டும் சாவியுமாகப் பிழைக்கிறவளுக்கு மூடிய அறை என்றால் மூச்சு முட்டும். பதின்மூன்று வயதில், தான் முதன்முதலாகச் செய்த சாவியைச் சோதித்துப் பார்க்கச் சாமான் அறைக்குள் போய் உள்ளிருந்து பூட்டிக்கொண்டாள். ஆசையில் அளவுக்கு மீறி ராவிய சாவி, மெலிந்துபோய், பூட்டுக்குள்ளேயே முறிந்தது. பெற்றவர்கள் மறுநாள்தான் திரும்புவார்கள். அந்த ராத்திரி முழுக்கச் சிட்டு கதவுக்கு வெளியே தரையில் குப்புறப் படுத்து, கதவடி இடுக்கில் விரல்களை நுழைத்துக் கொடுத்து, அக்காவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். "உன் கை பித்தளை வாசனை அடிக்குதுக்கா" என்று மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பேசிக்கொண்டே இருந்தாள். விடிந்தபோது அவளுடைய சுட்டுவிரல் கணுவில் தோல் உராய்ந்து வழன்றிருந்தது. அந்தத் தழும்பு அப்புறம் மறையவே இல்லை. அதைத் தீர்க்காத கடனாக அக்கா மனசுக்குள் வைத்திருந்தாள்.

கணவன் விட்டுப் போன வருஷம், சிட்டு மூச்சுப் பயிற்சி என்று சொல்லி 'இல்லம்' என்று சொல்லிக்கொள்ளும் ஓர் இடத்துக்குப் போக ஆரம்பித்தாள். "என் பிறந்தநாளை அங்க எல்லாரும் ஞாபகம் வச்சிருந்தாங்கக்கா" என்று தொலைபேசியில் அழுதாள். அந்த வருஷம் அக்கா அதை மறந்திருந்தாள். பிறகு சிட்டு அங்கேயே தங்கிவிட்டாள். தினம் மூன்று மணி நேரம்தான் தூக்கம் என்றாள். சாயங்காலமானால் எல்லார் முன்னாலும் நின்று அன்றைய குற்றங்களை ஒப்பிக்க வேண்டும் என்றாள். பிறகு எதுவும் சொல்வதில்லை. கடிதங்கள் மட்டும் வந்தன. அவளுடைய கோழிக் கிறுக்கல் எழுத்து மாதத்துக்கு மாதம் உருண்டு திரண்டு, அழகாகி, கடைசியில் யாருடையதோ ஆகிவிட்டது. அந்தக் கடிதங்களை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வாழ்த்துச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் கிடைக்காமல் போச்சே கடவுளே என்று அக்கா எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறாள்.

"எத்தனை நாள் இருப்ப?"

"மூணு சாயங்காலம். பழையவளைப் பிறந்த இடத்துல விட்டுட்டு வரச் சொல்லியிருக்காங்க இல்லத்துல."

"பழையவளா? எவடி அவ?"

சிட்டு சிரித்தாள். உதடுகள் மட்டும் அளந்து விரிந்து, அளந்து மூடின.

ஆறு மணிக்குச் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அக்கா பட்டறையிலேயே நின்றாள். பித்தளைத் தூளும் எண்ணெயும் மணக்கும் அந்தக் கூடத்தில், சுவர்க் கடிகாரத்தின் டிக்டிக்குக்கும் தெருவில் ஓயும் வண்டிச் சத்தத்துக்கும் நடுவே, மூடிய கதவின் பின்னாலிருந்து ஏற்ற இறக்கமே இல்லாத ஒரு குரல், துவைத்த துணியை மடித்து மடித்து வைப்பதுபோல ஒவ்வொரு வாக்கியமாக வைத்துக்கொண்டே போனது.

"வாய் ஓயாமல் பேசுகிறவள். அவள் இங்கேயே இருக்கட்டும். சத்தமாகச் சிரிக்கிறவள். அவள் இங்கேயே இருக்கட்டும்."

அக்கா பாலைச் சூடாக்கி வைத்திருந்தாள். வெளியே வந்த சிட்டு டம்ளரைப் பார்த்து, "இன்னிக்கு எனக்கு அனுமதி இல்லைங்க" என்றாள். பால் ஆடை கட்டிக் கிடந்தது.

இரண்டாம் நாளும் அதே குரல். ஆனால் வாக்கியங்களுக்கு நடுவே, தரையை ஒட்டி, வேறொரு சின்னச் சத்தம். யாரோ மூக்கை உறிஞ்சுவதுபோல. வெளியே வந்தவளின் மூக்கும் கண்ணும் காய்ந்திருந்தன.

மூன்றாம் நாள் மதியம் அவள் கையில் தட்டைக் கொடுக்கும்போதுதான் அக்கா கவனித்தாள். சுட்டுவிரல் கணு வழவழவென்று இருந்தது. தழும்பு இல்லை. விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிட்டு பொறுமையாக விரலைக் கொடுத்துக்கொண்டிருந்தாள், வைத்தியரிடம் காட்டுவதுபோல.

"போகாதடி" என்றாள் அக்கா. "உன் பிறந்தநாளை மறந்தது தப்புதான். என்னைத் திட்டு. நாலு வார்த்தை திட்டிட்டு இங்கயே இரு."

"நீங்க யாரைப் போக வேண்டாம்னு சொல்றீங்களோ, அவங்க போகலைங்க."

அன்று ஆறு மணிக்கு உள்ளேயிருந்து கடைசி வாக்கியம் வந்தது.

"அக்காவின் தங்கை. அவள் இங்கேயே இருக்கட்டும்."

வெளியே வந்ததும் தான் கொண்டுவந்திருந்த புதுப் பூட்டை மாட்டி, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வாசலில் வெள்ளை வேன் நின்றது. உள்ளே ஒரே மாதிரிச் சிரிப்போடு நாலைந்து முகங்கள்.

"திறக்காதீங்க" என்றாள், படியிறங்கும்போது. "கொஞ்சம் சத்தம் வரும். ரெண்டு மூணு நாள்ல தானா அடங்கிடும்."

வேன் தெருமுனை திரும்பும்வரை அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். சிட்டு திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் இருட்டு மெல்ல ஏறியது. கடிகாரம். எங்கோ ஒரு குழாயின் சொட்டு. அப்புறம் அது.

மூக்கை உறிஞ்சும் சத்தம்.

அக்கா பூட்டுத் திறக்கும் கம்பியை எடுத்தாள். அந்தப் பூட்டு இரண்டு நிமிஷத்தில் விட்டுக்கொடுத்தது. கதவைத் தள்ளி விளக்கைப் போட்டாள். பழைய பெட்டிகள், துருப்பிடித்த தாழ்ப்பாள்கள், தூசி. யாரும் இல்லை. சத்தமும் இல்லை.

கதவை இழுத்துச் சாத்தினாள்.

உறிஞ்சல். தரையை ஒட்டி. மிக அருகில்.

திறந்தாள். தூசி. சாத்தினாள்.

"அக்கா?"

ஏழு வயதுக் குரல்.

வாசல் திறந்திருந்தது. ஓடிவிடலாம். ரெண்டு மூணு நாள்ல தானா அடங்கிடும் என்றாளே. அடங்குவது என்றால் என்னவென்று நினைத்துப் பார்த்தாள். இருட்டில், தனியாக, கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோவது.

ஓடவில்லை. கடவுளே என்றாள், அவ்வளவுதான். தரையில் குப்புறப் படுத்தாள். சிமெண்டு குளிர்ந்தது. கதவடி இடுக்கில் விரல்களை நுழைத்தாள்.

உள்ளே யாரோ அவற்றை முகர்ந்தார்கள்.

"பித்தளை வாசனை" என்றது அந்தக் குரல்.

சின்ன விரல்கள் வந்து பற்றின. பனிக்கட்டி. சுட்டுவிரல் கணுவில் தோல் வழன்று, ரத்தம் இன்னும் ஈரமாக இருந்தது.

"இங்கதான் இருக்கேன்டி" என்றாள் அக்கா. "விடியற வரைக்கும் இருக்கேன்."

தெருவில் கடைசிக் கடையும் ஷட்டரை இழுத்து மூடியது. யாரும் வரவில்லை. யாரும் பார்க்கவில்லை. விரல்கள் இறுகின. இன்னும் இறுகின. விரல் மட்டுமே நுழையக்கூடிய அந்த இடுக்கில் அவளுடைய கை மணிக்கட்டு வரை உள்ளே போயிருந்தது.

அவள் அதை இழுத்துக்கொள்ளவில்லை.