மொய்த்து நின்ற சாட்சிகள்

மதியம் ஒன்று நாற்பது. சாப்பிட்டுவிட்டு மாடியேறி வந்த ஆராய்ச்சிக்காரி, உறைபெட்டியைத் திறந்ததும் விறைத்துப்போய் நின்றாள். குப்பியைக் காணோம். சாயக்கழிவைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும் புது ரக பாக்டீரியா அதில் இருந்தது. ஐந்து வருடப் பாடு.

இன்ஸ்பெக்டர் அம்மாள் வருவதற்குள் கட்டடக் கண்காணிப்பாளர் காவலாளியைக் கூண்டில் ஏற்றாத குறைதான்.

"நான் வெளியில கார்ல இருந்தேன் மேடம். வந்து கேமராப் பதிவைப் பாத்தா, ஒரு மணிக்கு நின்னு ஒன்றரைக்குத்தான் மறுபடி ஓடியிருக்கு. அரை மணி நேரம் கரண்ட் இல்ல. கரண்ட் இல்லன்னா இந்தப் பூட்டு தானாவே விட்டுடும். யார் வேணாலும் உள்ள வரலாம். அப்ப கட்டடத்துல இருந்தது இவர் ஒருத்தர்தான்!"

"நான் வாசல்ல உக்காந்திருந்தேம்மா," என்றார் காவலாளி. தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார். "கரண்ட் போனது எனக்கெப்படித் தெரியும்?"

ஆராய்ச்சிக்காரி அவரைத் திரும்பிப் பார்த்தாள். போன மழையில் கூரை ஒழுகியபோது, விடுமுறை நாளென்றும் பாராமல் அவள் கருவிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மேட்டில் வைத்தவர் இந்த மனிதர். இவரா?

"கரண்ட் இருந்தா எப்படித் திறக்கும்?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"அட்டை வேணும். என்கிட்ட ஒண்ணு, அவர்கிட்ட ஒண்ணு," என்று கண்காணிப்பாளரைக் காட்டினாள் ஆராய்ச்சிக்காரி. "நான் ஒரு மணியிலேர்ந்து எதிர்க் கட்டடத்துச் சாப்பாட்டுக் கூடத்துல இருந்தேன். கூட வேலை செய்யற எல்லாரும் பாத்தாங்க."

இன்ஸ்பெக்டர் தலையசைத்துவிட்டு மேசையருகே போனார். நுண்ணோக்கியோடு இணைத்த திரையில் ஒரு கருங்கோடு. அதை ஒட்டிப் பொடிப்பொடியாய் ஏதோ நெளிந்தது.

"என்னம்மா இது, எறும்பு மொய்க்கிற மாதிரி?"

"பழைய ரக பாக்டீரியா மேடம். அந்தக் கோடுதான் தண்ணிக்குள்ள வெச்சிருக்கற உலோகத் தகட்டோட ஓரம். தகட்டுல கரண்ட் ஓடினா மோப்பம் புடிச்ச மாதிரி நீந்தி வந்து சேரும். காலையில போட்டு விட்டேன், பன்னெண்டு மணிக்குத்தான் இப்படிக் கூடுச்சு."

"நிறுத்தினா?"

"அஞ்சே நிமிஷம். ஆளுக்கொரு பக்கமா போயிடும்."

"நீங்க குப்பியைத் தேடினப்ப?"

"இதே மாதிரிதான் மொய்ச்சிக்கிட்டு..." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"தகட்டுக்கு பேட்டரி இருக்கா?"

"இல்ல. நேரா சுவர்லேர்ந்து. கேமராவுக்கும் பூட்டுக்கும் இதே இணைப்புதான்."

இன்ஸ்பெக்டர் கண்காணிப்பாளர் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை.

"ஒன்றரைக்குக் கரண்ட் வந்திருந்தா, பத்து நிமிஷத்துல திரையில இருக்கற இவங்க இப்படிக் கூடியிருக்க முடியாது. மணிக்கணக்காகும். அப்ப கரண்ட் போகவே இல்ல. கேமராவை யாரோ பிடுங்கி விட்டிருக்காங்க. பூட்டும் தானா விடல, அட்டை போட்டுத்தான் திறந்திருக்கு. அம்மாவோட அட்டை சாப்பாட்டுக் கூடத்துல இருந்துச்சு. மிச்சம் உங்களோடது. கார் சாவியைக் குடுங்க சார்."

கண்காணிப்பாளர் முகம் வெளிறியது. காரின் பின்பக்கத்தில், பனிக்கட்டிப் பெட்டிக்குள் குப்பி பத்திரமாக இருந்தது. ஒரு போட்டி நிறுவனம் வலை விரித்திருக்கிறது. இவர் போய் விழுந்திருக்கிறார்.

"எனக்கு ஏன் தோணல மேடம்?" என்றாள் ஆராய்ச்சிக்காரி, குப்பியை மார்போடு அணைத்தபடி. "தினமும் பாக்கறதுதானே!"

"தினமும் பாக்கறதாலதான்," என்று சிரித்தார் இன்ஸ்பெக்டர்.

ஒரு கையால் அவர் கையைப் பிடித்து அவள் நன்றி சொன்னாள். காவலாளி தயங்கித் தயங்கித் திரைக்கு அருகே வந்தார்.

"என்னைக் காப்பாத்தினது இவங்கதானாம்மா?"

"ஆமாண்ணே."

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கூச்சத்தோடு இரு கைகளையும் கூப்பினார்.

"எல்லாரும் நல்லா இருங்க," என்றார்.