கம்பத்தில் இன்னொரு போன்

மதியச் சாப்பாடு முடித்து நாராயணசாமி ஆஸ்டின் டவுன் ஆபீசுக்குள் நுழைந்தபோது தூறல் பிடித்திருந்தது. ஆபீஸ் என்றால் ஒரே அறை. அக்கம்பக்கத் தெருக்களுக்கு இன்டர்நெட் கொடுக்கும் ஒயரெல்லாம் அங்கிருந்துதான் கிளம்பும். மகள் சரளா லேப்டாப் முன்னால் இருந்தாள். எந்தக் கம்பத்து வைஃபை பெட்டி உயிரோடு இருக்கிறது, அதில் யாருடைய போன் ஒட்டியிருக்கிறது, எவ்வளவு டேட்டா போகிறது, எல்லாம் அதில் தெரியுமாம். காசு கொடுத்து வாங்கிய பொய் என்பார் நாராயணசாமி.

"சர்ச்சுக்குப் பின்னாடி பெட்டியில டேட்டா கண்டபடி போகுதுப்பா. அவர் பார்க்கப் போயிருக்கார்."

அவர் என்றால் அவள் புருஷன் ராகேஷ்.

போன மாதம் அதே கம்பத்தில்தான் லைன்மேன் அமல் செத்தான். போட்டிக் கம்பெனி ஆட்கள் இரும்புக் குழாயோடு வந்தார்கள். அடிதடி என்றால் முதலில் ஏணியைக் காப்பாற்று என்பது நாராயணசாமி பழக்கிய பழக்கம். கீழே நின்ற ராகேஷ் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டான். மேலே மாட்டிக்கொண்ட அமலைக் காலைப் பிடித்து இழுத்துப் போட்டு, மண்டை இருந்த இடம் தெரியாமல் அடித்தார்கள்.

சரளா திரையில் விரலை வைத்தாள். "அந்தப் பெட்டியில ரெண்டு போன் இருக்கு. ஒண்ணு இவரோடது. இன்னொண்ணு அமலோடது."

"எவனாவது திருடி வித்திருப்பான். மூடு அதை."

"அவன் அம்மா பெர்னதெத் ஆன்ட்டி அதை அவன் கோட் பாக்கெட்ல வெச்சுதான் புதைச்சாங்க. நான் பார்த்தேன்பா."

நாராயணசாமி ராகேஷைப் போனில் கூப்பிட்டார்.

"மேல இருக்கேன் மாமா."

"கூட யாருடா?"

"யாருமில்ல. ஏணியைத்தான் யாரோ கீழ பிடிச்சிருக்காங்க. ஆடவே இல்ல."

"இறங்கிடச் சொல்லுங்கப்பா," சரளா கிசுகிசுத்தாள்.

பேயாவது பிசாசாவது, போட்டிக்காரன்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தார் அவர். "இறங்காதே. மேலயே இரு. ஆள் அனுப்புறேன்."

போனில் மழைச் சத்தம் மட்டும்.

"மாமா, ஏணியை எடுத்துட்டுப் போறான்."

"எவன்டா?"

"மூஞ்சியே இல்ல மாமா."

கம்பத்தில் இரும்பு மோதியது.

மறுபடி மோதியது.

அடுத்த அடி இரும்பில் விழவில்லை. ஈரத்தில் விழுந்தது. எலும்பு நொறுங்குவதை நாராயணசாமி காதாரக் கேட்டார். ராகேஷ் கத்தினான். பிறகு கத்தல் தொண்டைக்குள் கொழகொழத்து நின்றது.

சரளா செருப்பில்லாமல் ஓடினாள். அவர் போய்ச் சேர்ந்தபோது ராகேஷ் ஒயர்களில் தொங்கிக்கொண்டிருந்தான். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் கூழாகியிருந்தன. கழுத்தில் கேபிள் சதைக்குள் புதைந்து கிடந்தது. மழைத்தண்ணி சிவப்பாகச் சாக்கடைக்குப் போனது. ஏணியைக் காணவில்லை. அவன் போன் சுக்கல் சுக்கலாகக் கிடந்தது.

சரளாவை அங்கேயே விட்டுவிட்டு நாராயணசாமி தடுமாறி ஆபீசுக்குத் திரும்பி, சுவரிலிருந்த ஒயரையெல்லாம் பிய்த்தெறிந்தார். லேப்டாப் பாட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் கம்பத்துப் பெட்டிகள் ஒவ்வொன்றாகச் செத்துச் சிவந்தன.

ஒயரே இல்லாத ஆபீஸ் பெட்டி மட்டும் பச்சையாக இருந்தது.

அதில் அமலின் பெயர் ஏறியது.

கொஞ்ச நேரத்தில் அதன் கீழே ராகேஷ்.

அவர் முதுகுக்குப் பின்னால் ஷட்டர் மெதுவாக இறங்க ஆரம்பித்தது.