சூடானால் கிளம்பாத மஞ்சள் கார்

செல்போன் அலறியது!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோழிக்குழம்பில் கை வைத்த நேரம். சத்யப்ரியா எரிச்சலோடு இடது கையால் எடுத்தாள். ஆட்டோமொபைல் படித்துவிட்டு ஓசூர் சிப்காட் பக்கம் சொந்தமாக ஒர்க் ஷாப் நடத்துகிறவள். வாய் கொஞ்சம் நீளம்.

"மேடம்... பெங்களூர்லேர்ந்து பேசறேன். ரோட்டரி இன்ஜின் காரு..." குரல் கைக்குட்டைக்குள்ளிருந்து வந்தது. "சூடா ஆஃப் பண்ணா திரும்ப ஸ்டார்ட்டே ஆகல. சொல்ப ஹேளி மேடம்... கொஞ்சம் சொல்லுங்க, அர்ஜென்ட்!"

"உங்க பேரு?"

"பேரெல்லாம் எதுக்கு மேடம்?"

சத்யப்ரியா சிரித்துக்கொண்டாள்.

"சரி, கேட்டுக்குங்க. ரெண்டு கதவையும் அகலமாத் திறந்து வைங்க. வைப்பரை ஓட விடுங்க. அப்பறம் ஆக்சிலேட்டரை அடியோட மிதிச்சுக்கிட்டு சாவியைத் திருப்புங்க. புகையைத் தள்ளிக்கிட்டு கிளம்பும்."

நன்றிகூடச் சொல்லாமல் தொடர்பு அறுந்தது.

திங்கட்கிழமை காலை. ஒர்க் ஷாப் வாசலில் போலீஸ் ஜீப்!

"கிருஷ்ணப்பன்னு யாரையாச்சும் தெரியுமாம்மா?" இன்ஸ்பெக்டர் தங்கதுரை இறங்கும்போதே கேட்டார்.

"என் கஸ்டமர் பிரதாப் சாரோட பார்ட்னர். ஏன் சார்?"

"நேத்து மத்தியானம் போச்சம்பள்ளி ரோட்டுல செத்துக் கெடந்தாரு. கார் ஏத்திக் கொன்னிருக்காங்க. மோதினவன் இறங்கி வந்து அவரு செல்போனையும் எடுத்துட்டுப் போயிருக்கான். கார் அங்கயே ரொம்ப நேரம் நின்னு ஆயில் சொட்டியிருக்கு. பொணத்து மேல மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருக்கு."

இன்ஸ்பெக்டரின் லத்தி கதவில்லாத ஷெட்டைக் காட்டியது. அங்கே ஒரு மஞ்சள் நிற ஜப்பான் கார். பம்பர் நசுங்கியிருந்தது. சனிக்கிழமை சாயந்திரம் அது நசுங்கவில்லை!

ஜீப்பின் பின்னாலிருந்து காரின் சொந்தக்காரன் பிரதாப் வந்தான். போச்சம்பள்ளியில் கம்பெனி, நாலைந்து லாரி, கழுத்தில் தங்கச் சங்கிலி.

"இன்ஜின் கட்டக் குடுத்ததோட சரி சார். ஒரு மாசமா நான் வண்டியைத் தொடவே இல்ல. டெஸ்ட் டிரைவ்னு இவதான் ஊரைச் சுத்தறா. என் பார்ட்னரை அடிச்சுப் போட்டுட்டு வந்து நிறுத்தியிருக்கா!"

"நேத்து மத்தியானம் நீ எங்க இருந்தேம்மா?"

"வீட்ல தனியா சார். சாட்சிக்கு ஒரு கோழி இருந்துச்சு, சாப்பிட்டுட்டேன்."

"கிண்டலா? ஏறு ஜீப்ல!"

"ஏற மாட்டேன்."

"என்னது?"

"கொலை பண்ணல, ஏற மாட்டேன். கை வெச்சீங்கன்னா கத்துவேன். ஷிப்ட் விடற நேரம், கம்பெனி பஸ் அத்தனையும் நின்னு வேடிக்கை பாக்கும். கொஞ்ச நேரம் குடுங்க. என் பேச்சு பொய்னா நானே ஏறிக்கறேன்."

இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் காரில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை சூளகிரி ரோட்டில் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினாள். மறுபடி சாவியைத் திருப்பினாள்.

கிர்ர்ர்... கிர்ர்ர்...

கிளம்பவில்லை!

"புதுசாக் கட்டின இன்ஜின் சார். உள்ள சீல் இன்னும் படியல. சூட்டுல கம்ப்ரஷன் விழுந்துடுது, பெட்ரோல் தேங்கி பிளக் நனைஞ்சிடுது. அதைச் சரி பண்ணத்தான் வண்டியைக் குடுக்காம வெச்சிருக்கேன். போச்சம்பள்ளில சூடா நின்ன வண்டி எப்படித் திரும்பி வந்துச்சு?"

"எப்படி?"

"லாரில ஏத்திட்டு வந்திருக்கணும். லாரி யாருகிட்ட இருக்குன்னு விசாரிங்க."

தங்கதுரையின் பார்வை மெல்லத் திரும்பியது... பிரதாப்பிடம்!

"நடிக்கறா சார்!" பிரதாப்புக்கு வேர்த்துக் கொட்டியது. "தெரிஞ்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணாம விடறா. தள்ளும்மா, நான் காட்டறேன்!"

இரண்டு கதவையும் அகலத் திறந்தான். உட்கார்ந்தான். வைப்பரைப் போட்டான். காய்ந்த கண்ணாடியில் அது கீச் கீச்சென்று தேய்த்தது. ஆக்சிலேட்டரை அடியோடு மிதித்துச் சாவியைத் திருப்பினான்.

வெள்ளைப் புகை... உறுமல்!

"பாத்தீங்களா? ஸ்டார்ட் ஆகுதுல்ல!"

சத்யப்ரியா கைதட்டினாள்.

"சூப்பர் சார். கதவை எதுக்குத் திறந்தீங்க?"

"அது... சூடான வண்டிக்கு அப்படித்தான்..."

"வைப்பர்? மழையா பெய்யுது?"

பிரதாப் கண்ணாடி வழியே வானத்தைப் பார்த்தான்.

"ஆக்சிலேட்டர் மட்டுந்தான் நிஜம் சார், அடியோட மிதிச்சா தேங்கின பெட்ரோல் வெளிய போயிடும்" என்றாள் இன்ஸ்பெக்டரிடம். "லாரின்னது சும்மா தூண்டில். கதவும் வைப்பரும் என் குசும்பு! பேர் சொல்லாம போன்ல கேக்கறவங்களுக்கு, அப்பப்ப தோணற கூத்தைச் சேர்த்து விடுவேன். இந்தக் கூத்தை ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொன்னேன்... நேத்து மத்தியானம். நம்பர் இந்தா இருக்கு."

தங்கதுரை அந்த நம்பரை அடித்தார்.

"பொட்டிக்கடைங்க... போச்சம்பள்ளி ரோடு. இது ஒத்த ரூபா போனுங்க. யாரு வேணும்?"

பிரதாப் கியரைத் தள்ளினான். பதற்றத்தில் கிளட்ச் நழுவியது. இன்ஜின் ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. சாவியைத் திருப்பினான்... கிர்ர்ர்... கிர்ர்ர்... வைப்பர் மட்டும் ஆடியது!

விலங்கு மாட்டும்போது முனகினான். "கம்பெனியை விக்கவே விட மாட்டேன்னான் சார்... வேற வழி தெரியல... ஞாயித்துக்கிழமை ஷெட்ல ஆள் இருக்காதுன்னு என்கிட்ட இருந்த இன்னொரு சாவியால எடுத்தேன்..."

ஜீப்பில் ஏறப்போன தங்கதுரை திரும்பினார். "கதவோட விட்டிருக்கலாமே... வைப்பரையும் எதுக்கும்மா போடச் சொன்னே?"

சத்யப்ரியா துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஓசில வைத்தியம் கேட்டா, பத்தியம் கொஞ்சம் கடுமையாத்தான் சார் இருக்கும்!"