காணாமல் போன வியாழக்கிழமை

அறுபத்திரண்டாயிரத்து நானூற்று எண்பது.

ஜல்லிக் களத்தில் எடைப் பதிவு போடும் சின்னக்கா கட்ட வேண்டிய தொகை அது. முதலாளி கைப்பட எழுதி, எடைமேடை அறைச் சுவரில் ஆணியில் குத்தி வைத்திருந்தார். பதினொரு லோடு ஜல்லி, லோடுக்கு ஐயாயிரத்து அறுநூற்று எண்பது. போன வாரம் வியாழக்கிழமை களத்தை விட்டுப் போன வண்டிகள். கம்ப்யூட்டரில் அந்தப் பதினொன்றுக்கும் பதிவு இல்லை. பதிவு இல்லாவிட்டால் பில் இல்லை. பில் இல்லாவிட்டால் வாங்கியவன் ஏன் கொடுக்கப் போகிறான்? எடைச் சீட்டு ஒன்றுதான் அடிக்கும், அதுவும் டிரைவரோடு போய்விடும். கேட்டதற்கு, "சீட்டா, எந்தச் சீட்டு?" என்று எல்லாரும் கைவிரித்துவிட்டார்கள்.

இன்று வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு முதலாளி வருவார். சின்னக்கா அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இரண்டு வருடத்துக்குப் பாதிச் சம்பளம் பிடித்தம். போடாவிட்டால் திருட்டுப் புகார்.

காலை 9:10. முதல் வண்டி எடைமேடையில் ஏறி நின்றது. சின்னக்கா பொத்தானை அழுத்தினாள். திரையில் எடை வரவில்லை. ஒரு வரி வந்தது: டிஸ்க்கில் இடமில்லை.

"போன வெள்ளிக்கிழமையும் இதேதான் வந்துச்சு" என்றாள் ஜன்னல் வழியாக.

ஜன்னலுக்கு வெளியே துடைப்பத்தோடு நின்றவள் அவளுடைய அக்கா. களத்தில் அவளைப் பெரியக்கா என்பார்கள். காலி வண்டி எடை போடுவதற்கு முன் அதன் சுமை ஏற்றும் தட்டில் ஏறி, கூட்டிப் பெருக்கி, "சுத்தம்" என்று குரல் கொடுப்பது அவள் வேலை. அதற்கு முன் பதினாறு வருடம் ஜல்லிக் கூடை. அந்தக் கூடைக் கூலியில்தான் தங்கை பள்ளிக்கூடம் போனாள். தங்கை வேலைக்கு வந்த பிறகு, வீணாய்ப் போன சீட்டுகளின் பின்பக்கத்தில் அக்காவுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். இருவருக்கும் கணக்கு அதோடு நேர்.

பெரியக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"நீ அந்த வியாழக்கிழமை எல்லா வண்டியும் கம்ப்யூட்டர்ல ஏத்துனியா?"

"ஏத்தினேன்க்கா. பிள்ளைக்குக் காய்ச்சல், பத்து நிமிஷம் லேட்டா வந்தேன். அவ்வளவுதான். அதையே பிடிச்சுக்கிட்டு, நாள் பூரா மனசு வேற எங்கயோ இருந்துச்சு, பதிவே பண்ணலன்னு சொல்றாங்க."

"என் தலையில அடிச்சு சொல்லுவியா?"

"உன் தலை எனக்கு வேணும்க்கா. அடிக்க மாட்டேன்."

பெரியக்காவுக்கு அது போதும்.

9:45. கம்ப்யூட்டர்காரர் வந்தார். நாற்பது வயது, தோளில் பை, அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்ட முகம். எடை அறையில் சின்னக்காவுக்குத் திரையும் விசைப்பலகையும் மட்டும்தான். கம்ப்யூட்டர் பெட்டி அடுத்த அறையில், சூப்பர்வைசரின் மேசைக்கு அடியில். அந்த அறைக்குச் சாவி சூப்பர்வைசரிடம் மட்டும். சுவரில் ஒரு ஓட்டை போட்டு வயர்களை இழுத்திருந்தார்கள்.

தரையைப் பெருக்குகிற சாக்கில் பெரியக்காவும் உள்ளே போனாள். பதினெட்டு வருடம் தட்டு பார்த்த கண் சும்மா இருக்காது. அறை முழுக்க ஜல்லித் தூசி. மேசை, அலமாரி, நாட்காட்டி எல்லாம் சாம்பல் நிறம். மின்விசிறி மட்டும் மேலே பளபளவென்று சுற்றியது. அலமாரி மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டி விசிறி, வயரைச் சுருட்டி வைத்தபடி கிடந்தது. பெட்டியின் பின்னால் இரண்டு யூஎஸ்பி துளைகள்தான் உருப்படி. மற்றவை எல்லாம் தூசி அடைத்துச் செத்திருந்தன. ஒன்றில் விசைப்பலகை, இன்னொன்றில் ஒரு கறுப்பு டப்பாவின் வயர்.

"அது என்ன டப்பா, தம்பி?"

"காப்பு டிஸ்க்குக்கா. இந்தப் பெட்டியில லினக்ஸ் ஓடுது. தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு, அன்னிக்குப் போன வண்டி கணக்கு, கேமரா படம் எல்லாத்தையும் தானா இதுல ஒரு நகல் எடுத்து வைக்கும். பெட்டிக்குள்ள இருக்கறது ஞாயித்துக்கிழமையானா அழிஞ்சிரும். டப்பாவுல இருக்கறது இருக்கும்."

சூப்பர்வைசர் நாற்காலியில் சாய்ந்தபடி சொன்னார்: "அதைத்தான் முதலாளியும் பார்த்தாரு. டப்பாவுலயும் வியாழக்கிழமை இல்ல. பதிவு பண்ணியிருந்தா நகல் இருக்குமா இருக்காதா? அங்கயும் இல்ல, இங்கயும் இல்லன்னா என்ன அர்த்தம்?"

கேள்வி கூராகத்தான் இருந்தது.

10:20. கம்ப்யூட்டர்காரர் நெற்றியைச் சுருக்கினார்.

"கணக்கு உதைக்குதே. சிஸ்டம் பகுதி மொத்தம் இருபது ஜிபி. இருபதும் நிறைஞ்சிருச்சுங்குது. ஆனா ஒவ்வொரு ஃபோல்டரா கூட்டினா பதினாலுதான் வருது."

"மீதி ஆறு எங்க?" என்றாள் பெரியக்கா.

"தெரியல. பழைய லாக் எல்லாம் பார்த்தேன், குப்பைத்தொட்டி பார்த்தேன். அழிச்ச ஃபைலை ஏதாவது புரோகிராம் விடாம பிடிச்சுக்கிட்டு இருக்கான்னும் பார்த்தேன். இல்ல."

"தேடிக்கிட்டே இருந்தா லாரி வரிசை ரோடு வரைக்கும் போயிரும்" என்றார் சூப்பர்வைசர். "எல்லாத்தையும் துடைச்சுட்டு புதுசா போட்டுருங்க."

"அதுதான் சரி. ஒரு மணி நேர வேலை. பதினொன்றரைக்கு ஆரம்பிச்சா பன்னிரண்டரைக்கு முடிஞ்சிரும்."

பெரியக்கா பெருக்கிக்கொண்டே வெளியே வந்தாள். பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினாள். இருபது என்கிறது எடை, பதினாலு என்கிறது கண். இதை எங்கோ பார்த்திருக்கிறாள்.

10:40. ஜன்னலருகே தங்கையிடம் கேட்டாள்.

"போன வெள்ளி இதே மாதிரி நின்னப்ப யார் சரி பண்ணினது?"

"சூப்பர்வைசர்தான். என்னைப் போய் டீ குடிச்சுட்டு வாம்மான்னாரு."

"அவரா? கஞ்சனாச்சே. காசு கொடுத்தாரா?"

"கொடுத்தாருக்கா! அதான் எனக்கே அதிசயம். அரை மணி கழிச்சு வந்தேன். பெட்டியை அணைச்சு மறுபடி போட்டிருந்தாரு. நல்லா ஓடுச்சு."

"வெள்ளி நீ வரும்போது வியாழன் கணக்கு இருந்துச்சா?"

"பார்க்கலையே. சனிக்கிழமை பில் போடத்தான் திறப்பேன். திங்கள், செவ்வாய், புதன் இருந்துச்சு. வெள்ளி இருந்துச்சு. நடுவுல வியாழன் மட்டும் பல்லு விழுந்த மாதிரி."

11:00. பெரியக்கா மறுபடி உள்ளே போனாள். சுவரில் ஆணியில் குத்திய ரசீதுகளில் மேலாக இருந்ததை விரலால் தொட்டு, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தாள். எலக்ட்ரீஷியன் ரசீது. மின்விசிறி பழுது என்று சொன்ன நாள், திங்கள். புது விசிறி மாட்டிய நாள், வெள்ளி. இரண்டும் போன வாரம்.

கம்ப்யூட்டர்காரரின் பக்கத்தில் குந்தினாள்.

"தம்பி, அந்த டப்பாவுல போன வாரம் வியாழன் இல்ல, சரி. புதன் இருக்கா?"

"புதன் பில் போட்டாச்சே, அதை எதுக்குப் பார்க்கணும்?"

"பாருங்களேன்."

அவர் பார்த்தார். "இல்ல."

"செவ்வாய்?"

"...இல்ல."

"திங்கள்?"

"இல்ல. ஞாயிறு இருக்கு. அதுக்கப்புறம் வெள்ளி."

சூப்பர்வைசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏம்மா, வெளியில மூணு வண்டி நிக்குது. உன் வேலை அங்க."

"எடை ஓடலையே சார். கூட்டி வச்சு என்ன பண்றது?"

11:25. கம்ப்யூட்டர்காரர் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். துடைப்பதற்கானது. பெரியக்கா சட்டென்று பெட்டியின் மேல் கையை வைத்தாள். வெடிப்பு விழுந்த கை, நகமெல்லாம் சுண்ணாம்பு.

"ஒரே ஒரு நிமிஷம். ஒரு வண்டி கதை சொல்றேன். அதுக்கப்புறம் துடைங்க."

"அக்கா, எனக்கு வேற..."

"நாலு வருஷம் முன்னாடி ஒரு வண்டி வந்துச்சு. காலி வண்டி. ஏறிப் பார்த்தேன், தட்டு கண்ணாடி மாதிரி சுத்தம். ஆனா எடை போட்டா வழக்கத்தைவிட ஒன்றரை டன் கூட. டிரைவர் சத்தியம் பண்றான். நானும் சுத்தம்னுதான் சொன்னேன். என் கண்ணுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். எடைக்கு யார்மேலயும் கோபமும் கிடையாது, பாசமும் கிடையாது. அது பொய் சொல்லாதுன்னு இறங்கினவ மறுபடி ஏறினேன். துடைப்பக் கட்டையால தட்டினேன். சத்தம் வேற மாதிரி இருந்துச்சு. ரெண்டு பேரா நெம்பித் தூக்கினோம். மேல தெரிஞ்சது ஒரு இரும்புத் தகடு. தட்டு அதுக்கும் கீழ. நடுவுல பழைய ஜல்லி இறுகிக் கிடந்துச்சு. யாரோ அள்ளாம விட்டதுமேலயே தகட்டைப் போட்டு மூடியிருக்காங்க."

கம்ப்யூட்டர்காரரின் கை நின்றது.

"உங்க எடை இருபதுங்குது, கண்ணு பதினாலுங்குது" என்றாள் அவள். "எந்த ஃபோல்டர்மேல தகடு கிடக்குது, தம்பி?"

அவர் பென்டிரைவை மெதுவாகக் கீழே வைத்தார். வாய்க்குள் ஏதோ முனகினார். தன்னையே திட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

"காப்பு. காப்புன்னு பெட்டிக்குள்ள ஒரு காலி ஃபோல்டர் இருக்கும். டப்பாவைச் சொருகினா, டப்பாவுல இருக்கறது அதுமேல வந்து உட்காரும். அடியில என்ன இருந்தாலும் தெரியாது. டப்பா இல்லாதப்ப ஆறு மணிக்கு நகல் எடுத்தா..." அவர் முடிக்கவில்லை. விசைப்பலகையில் ஒரு கட்டளை அடித்து டப்பாவை விலக்கினார்.

11:34. காலியாக இருக்க வேண்டிய ஃபோல்டரைத் திறந்தார். அது காலியாக இல்லை. நான்கு பெயர்கள் வரிசையாக வந்தன. திங்கள். செவ்வாய். புதன். வியாழன்.

"எவ்வளவு இருக்கு?" என்றாள் பெரியக்கா.

"ஆறு ஜிபி" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது.

வியாழனைத் திறந்தார். பதினொரு வண்டி, பதினொரு எடை, பதினொரு படம். முதல் பதிவு காலை எட்டு இருபது. ஒவ்வொரு படத்திலும் ஜன்னலுக்குப் பின்னால் சின்னக்காவின் தலை தெரிந்தது. ஏழாவது படத்தில் கையில் ஃபோன், கன்னத்தில் கண்ணீர். அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறிய நேரம். அப்போதும் இன்னொரு கை பொத்தானில்தான் இருந்தது.

எடை அறையிலிருந்து எழுந்து வந்த சின்னக்கா அழவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

12:00. முதலாளி வந்தார். எல்லாரையும் பார்த்தார். திரையையும் பார்த்தார்.

"யார் பண்ணினது?"

ஒருத்தர் பெயரைச் சொல்வது என்பது ஒருத்தர் அடுப்பில் தண்ணீர் ஊற்றுவது. அது பெரியக்காவுக்குத் தெரியும். ஒரு வாரமாகத் தங்கை வீட்டு அடுப்பு ஈரமாகத்தான் இருந்தது.

"ஐயா, சூப்பர்வைசர் சார்தான்."

"என்னம்மா உளர்றே?" சூப்பர்வைசர் எழுந்தார்.

"போன திங்கள் உங்க ஃபேன் நின்னு போச்சு. ரசீது சுவத்துல இருக்கு. வெயிலு தாங்கல. அந்தக் குட்டி ஃபேனைச் சொருகி ஓட்ட பெட்டியில ஒரு துளை வேணும். பெட்டியில வேலை செய்யறதே ரெண்டு. விசைப்பலகையைப் பிடுங்கினா எடை நிக்கும். அதனால டப்பா வயரைப் பிடுங்கினீங்க. அது தப்புகூட இல்ல. வேர்க்கிறவன் விசிறிக்கத்தான் செய்வான்."

சூப்பர்வைசர் அலமாரி மேலே ஒரு முறை பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்தினார்.

"நாலு நாள் நகல் பெட்டிக்குள்ளயே விழுந்துச்சு. வெள்ளி காலையில இடமில்லன்னு நின்னுச்சு. கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிட்டா ஏன் டப்பா வெளிய கிடக்குன்னு கேட்பாரு. அதுக்குப் பயந்து தங்கச்சியை டீக்கு அனுப்பிட்டு, நீங்களே ஒரு ஃபோல்டரை அழிச்சு இடம் பண்ணினீங்க. அழிச்சது வியாழன். அன்னிக்கே புது ஃபேன் வந்துச்சு. டப்பாவைத் திரும்பச் சொருகி, பெட்டியை அணைச்சு மறுபடி போட்டீங்க. தகடு மூடிக்கிச்சு."

"ஐயா, டப்பாவுல வியாழன் இல்லன்னு எல்லாரும் பார்த்தாங்க" என்றாள் முதலாளியிடம் திரும்பி. "புதனும் இல்லன்னு யாரும் பார்க்கல. பில் போட்டாச்சேன்னு விட்டுட்டாங்க. வியாழன் மட்டும் இல்லன்னா என் தங்கச்சி பதிவு பண்ணலன்னு சொல்லலாம். நாலு நாளும் இல்லன்னா, டப்பாவே இல்லன்னு அர்த்தம். டப்பா இருக்கற அறைக்குச் சாவி ஒருத்தர்கிட்டதான்."

முதலாளி சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார்.

"டப்பாவுல நகல் இருக்கும்னு நினைச்சுத்தான் அழிச்சேன்" என்றார் சூப்பர்வைசர், யாரையும் பார்க்காமல். "நான் பிடுங்கி வச்சது அப்ப ஞாபகம் வரல. சனிக்கிழமை வந்துச்சு. அதுக்குள்ள ஐயா காகிதம் எழுதிட்டீங்க."

"எழுதினதுக்கப்புறம் சொல்லியிருக்கலாமே" என்றார் முதலாளி.

"நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..." அவர் உட்கார்ந்துவிட்டார். "எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு, ஐயா."

"எங்க வீட்டுல மட்டும் என்ன, பொம்மையா இருக்கு?" என்றாள் சின்னக்கா. அன்று காலையிலிருந்து அவள் உரக்கப் பேசியது அது ஒன்றுதான்.

முதலாளி சூப்பர்வைசரிடம் கையை நீட்டினார். அறைச் சாவி அந்தக் கைக்கு வந்தது. பிறகு எடை அறைக்குப் போய், ஆணியிலிருந்து காகிதத்தை உருவி மேசையில் வைத்தார். பேனாவைத் திறந்து, அறுபத்திரண்டாயிரத்து நானூற்று எண்பதின்மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். தடிமனான கோடு.

"பதினொரு பில்லும் இன்னிக்கே போகும். படத்தோட போகும். உன் கணக்கு தீர்ந்துச்சு, போம்மா."

சின்னக்கா கும்பிடக் கையெடுத்தாள். பெரியக்கா அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். காகிதத்தைக் குனிந்து பார்த்தாள். கோட்டுக்கு அடியில் ஆறும் இரண்டும் நான்கும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தன.

"ஐயா, மேல ஒண்ணைப் போட்டு மூடினா அடியில இருக்கறது போகாது" என்றாள். "இன்னிக்குத்தான் பார்த்தோம். கிழிச்சுப் போடுங்க."

முதலாளி காகிதத்தை இரண்டாக, நான்காக, எட்டாகக் கிழித்து அவள் கையில் கொடுத்தார்.

12:20. கம்ப்யூட்டர்காரர் அந்த ஆறு ஜிபியையும் டப்பாவுக்கு மாற்றி இடம் பண்ணியிருந்தார். முதல் வண்டி மறுபடி எடைமேடையில் ஏறியது. பெரியக்கா பின்பக்கச் சக்கரத்தில் கால் வைத்து ஏறி, தட்டைக் கூட்டினாள். துடைப்பக் கட்டையால் நான்கு மூலையிலும் தட்டிச் சத்தம் கேட்டாள்.

"சுத்தம்" என்று குரல் கொடுத்தாள்.

ஜன்னலுக்குள்ளிருந்து சின்னக்கா பொத்தானை அழுத்தினாள்.