நீர்நாயின் ஞாயிற்றுக்கிழமை

பவானி ஆற்றின் அந்த வளைவில், ஞாயிறுதோறும் நீர்நாய்க்குப் பயம் கூடியது.

ஒரு குப்பித் தண்ணீர் போதும். எந்தெந்த உயிர் அதில் நீந்தியது, அது மிரண்டிருந்ததா நிம்மதியாக இருந்ததா என்று நீர்நாடி என்ற கருவி சொல்லிவிடும். பயந்த உடம்பு தண்ணீரில் கசியவிடுவதை அது மோந்துவிடும். அதன் சொல்லை ஆற்று வாரியம் சட்டமாகவே ஏற்றிருந்தது. பயத்துக்கு எது காரணமோ, அது ஆற்றைவிட்டு வெளியேற வேண்டும். மணல் லாரிகள் அப்படித்தான் போயின; பிறகு சுற்றுலாப் படகுகள். போகவைத்தது, ஞாயிறுதோறும் கணக்கெடுக்க வரும் வஞ்சிக்கொடி, பரீதா போன்ற தன்னார்வலர்கள் அள்ளிக்கொடுத்த தண்ணீர்.

"வலை போடறவனாத்தான் இருக்குங்க்கா. இன்னைக்குக் கையுங்களவுமாப் புடிக்கிறோம்" என்றாள் பரீதா.

"உன்ற கொரலக் கேட்டாலே ஓடிருவானே."

வஞ்சிக்கொடி முழங்கால் நீரில் நின்று சிரித்தாள். வாரத்தில் ஆறு நாள் வங்கியின் புகார்ப் பிரிவில் முகம் தெரியாதவர்களின் கோபத்தைக் காதில் வாங்குபவள். இங்கே வந்தால், தாய் நீர்நாய் பாறைமேல் ஏறிப் பின்னங்கால்களில் நிமிர்ந்து அவளையே பார்க்கும். தன்னைக் கண்டதும் எழுந்து நிற்கிற உயிர் உலகத்தில் அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வாள். யாரிடமும் சொன்னதில்லை.

அன்றும் அது நின்றது. கருவியில் பயக்கோடு விறுவிறுவென்று ஏறியது. கரையில் வேறு யாருமில்லை.

"போன வாரம் எப்படி?"

"என்ற தம்பி நிக்காவுக்கு நாம எல்லாரும் போயிட்டமேக்கா. பாறையில புதுசாக் கட்டுன கருவி தானா எடுத்ததுதான்." திரையைத் தள்ளிய பரீதாவின் விரல் நின்றது. "பயமே இல்லீங்க்கா... குட்டிக இருக்குது! அன்னைக்குத் தண்ணியில எறங்கியிருக்குது."

வஞ்சிக்கொடி பாறையைப் பார்த்தாள். விறைத்த கழுத்து. அசையாத கண். அது வரவேற்பு இல்லை, காவல். குட்டிகளுக்கும் அவளுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தது அந்தத் தாய்.

"வேற காரணம் போட்டு அனுப்பிரலாங்க்கா. நாம என்ன மணல் லாரியா?"

"அதுக்குத் தெரியுமா, பரீதா?"

திரையின் அடியில் மனிதருக்கும் ஒரு வரி உண்டு. யாரும் அதைப் படிப்பதில்லை. பரீதா படித்தாள்.

"உங்களோடதுங்க்கா. இவ்வளவு நிம்மதியான உசுரு இந்த ஆத்துல வேற எதுவும் இல்லை."

அது அவளுக்குத் தெரிந்ததுதான். ஒரே குப்பியில் தன் நிம்மதியும் அந்தத் தாயின் நடுக்கமும் கலந்துகிடப்பதைத்தான் தெரிந்திருக்கவில்லை. காரணம் என்ற இடத்தில் 'கணக்கெடுக்க வருபவர்கள்' என்று எழுதி, வாரியத்துக்கு அனுப்பினாள்.

பரீதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வஞ்சிக்கொடி உதட்டில் விரல் வைத்தாள். நீர் சலசலக்காதபடி ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்துக் கரையேறினாள்.

திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது. பார்த்தால், அது இன்னும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருக்க வேண்டியிருக்கும்.